காணாமற்போன திருகாணி

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்று நம் பாட்டிமார் சொல்வது வழக்கம். தேரைச் செய்த ஸ்தபதியின் பெயரை ஊர் அறியும். வடம் பிடித்தவர்களையும் ஊர் அறியும். அச்சாணியை மட்டும் ஒருவரும் கவனிப்பதில்லை. அது கழன்று விழுந்து, தேர் நடுவீதியில் நின்றுவிட்ட அன்றுதான் எல்லோரும் குனிந்து தேடுகிறார்கள்.

இந்த வாரம் அத்தகைய அச்சாணி ஒன்றைப் பற்றி எழுத உத்தேசித்திருக்கிறேன். அது அரை அங்குலம்கூட நீளமில்லாத ஓர் இரும்புத் திருகாணி. பழைய கம்ப்யூட்டர்ப் பெட்டியின் மூடியைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. "இதைப் பற்றி எழுத ஒரு வாரமா?" என்று நேயர்கள் புன்னகை செய்யலாம். இந்தத் திருகாணியைத் தேடப் புறப்பட்டால் இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான் என்று பாதி உலகத்தைச் சுற்றி வர நேர்கிறது. ஒரு பெரிய நகரம் எரிந்த கதையும் வழியில் குறுக்கிடுகிறது. ஆகவே சற்றுப் பொறுமையுடன் கூட வருமாறு வேண்டுகிறேன்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார். அவருடைய தகப்பனார் 1992-ம் வருஷத்தில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினாராம். ஐ.பி.எம். மாதிரியைப் பின்பற்றிச் செய்த பெரிய இரும்புப் பெட்டி. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பெரியவர் தம் குடும்பத்தின் வரலாற்றையும், சொந்த ஊர்க் கோவிலின் உற்சவ முறைகளையும் அதிலே தமிழில் தட்டெழுதி வைத்தார். அவர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. அண்மையில் பரணிலிருந்து பெட்டியை இறக்கியபோது, மூடியைப் பிணைக்கும் ஐந்து திருகாணிகளில் மூன்றைக் காணவில்லை.

நேயர் மேலும் எழுதுகிறார்: "கடைத்தெருவில் 3 மில்லிமீட்டர்த் திருகாணி வாங்கினேன், துவாரத்தில் பிடிப்பில்லாமல் ஆடுகிறது. 4 மில்லிமீட்டர் வாங்கினேன். உள்ளே நுழையவே மறுக்கிறது. 'நாலையே வைத்து நன்றாக அழுத்தித் திருகுங்கள் சார், தானாக வழி பண்ணிக்கொள்ளும்' என்கிறார் கடைக்காரர். அப்படிச் செய்யலாமா?"

செய்யக் கூடாது. காரணம் எளியது. திருகாணி போனால் வேறு திருகாணி வாங்கலாம். துவாரத்தின் உட்புறத்தில் வெட்டப்பட்டிருக்கும் புரி போய்விட்டால் எந்தக் கடையிலும் அதை வாங்க முடியாது. சில ரூபாய்ப் பொருளுக்காக, மறுபடி கிடைக்காத பொருளைக் கெடுத்துக்கொள்வது விவேகம் ஆகாது. இந்த ஒரு விதியை நேயர்கள் மனத்தில் பதித்துக் கொண்டால் போதும்; மற்றதெல்லாம் இதிலிருந்து தானே விளங்கும்.

சரி, 3 ஆடுகிறது, 4 நுழையவில்லை. இரண்டுக்கும் நடுவே இருப்பது என்ன? இதற்கு விடை காண, திருகாணி என்பது என்னவென்று முதலில் பார்ப்போம்.

வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் இப்படிக் காட்டுவதுண்டு. ஒரு காகிதத்தைச் செங்கோண முக்கோணமாகக் கத்தரித்துக் கொள்ளுங்கள். அதன் சாய்ந்த ஓரத்தில் மையால் கோடு இழுத்து, காகிதத்தை ஒரு பென்சிலின் மேல் சுற்றுங்கள். கோடு பென்சிலை வளைத்துக் கொண்டு மேலே ஏறும். அதுவே திருகாணியின் புரி. கடைத்தெருவில் இதை 'மரை' என்பார்கள். மலைமேல் ஏறும் சாலை மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிறதல்லவா? அதே தந்திரந்தான். நேராக ஏற முடியாததைச் சரிவிலே சுற்றி ஏறுகிறோம்.

ஆகவே ஒரு திருகாணியை அடையாளம் காண இரண்டு அளவுகள் இன்றியமையாதவை. ஒன்று, அதன் பருமன். மற்றொன்று, ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையே உள்ள தூரம். பள்ளிப் புத்தகங்களில் இதைப் 'புரியிடைத் தூரம்' என்கிறோம். நாம் கடைக்குப் போனால் பருமனை மட்டுமே பார்க்கிறோம். புரியிடைத் தூரத்தைப் பார்ப்பதில்லை. தொல்லை எல்லாம் இங்கேதான் ஆரம்பமாகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்குத் தோன்றிய அளவில் திருகாணி வெட்டிக் கொண்டிருந்தது. ஒரு பட்டறையின் திருகாணி அடுத்த தெருப் பட்டறையின் துவாரத்தில் பொருந்தாது. ஜோஸப் விட்வொர்த் என்னும் பொறியியல் நிபுணர் பல பட்டறைகளிலிருந்து திருகாணிகளைச் சேகரித்து, அவற்றின் அளவுகளை ஒப்பிட்டுச் சராசரி கண்டார். புரியின் பற்கள் 55 பாகைக் கோணத்தில் அமைய வேண்டுமென்றும், இன்ன பருமனுக்கு அங்குலத்துக்கு இத்தனை புரி என்றும் ஒரு முறையை வகுத்து, 1841-ம் ஆண்டில் சிவில் எஞ்சினீயர்கள் சங்கத்தில் வெளியிட்டார். அமெரிக்காவில் வில்லியம் ஸெல்லர்ஸ் என்பவர், 55 பாகைக் கோணத்தைச் சாதாரணத் தொழிலாளி சரியாக வெட்டுவது கடினம் என்று கருதினார். 1864-ம் ஆண்டில் பிலடெல்பியா நகரத்து பிராங்க்ளின் கழகத்தில், 60 பாகைக் கோணமும் தட்டையான நுனியும் கொண்ட வேறொரு முறையை அவர் முன்வைத்தார். இரண்டு நாடுகள், இரண்டு முறைகள். ஒன்றின் திருகாணி மற்றதில் பொருந்தாது.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 1904-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 7-ந் தேதி அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் தீப்பிடித்தது. வாஷிங்டனிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் தீயணைக்கும் படையினர் ரயிலேறி உதவிக்கு ஓடி வந்தனர். தெருவிலே தண்ணீர்க் குழாய்கள் இருந்தன; குழாயிலே தண்ணீர் இருந்தது; வந்தவர்களிடம் நீண்ட ரப்பர்க் குழல்கள் இருந்தன. ஆனால் வெளியூர்க் குழல்களின் புரியும் பால்டிமோர்க் குழாய்களின் புரியும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை! வந்தவர்களிற் பலர் எரிகின்ற நகரத்தின் நடுவே செய்வதறியாமல் திகைத்தனர். 1,500-க்கு மேற்பட்ட கட்டடங்கள் அந்தத் தீக்கு இரையாயின. ஒரு புரி பொருந்தாமையின் விலை சில சமயம் இவ்வளவு பெரிதாகிவிடுகிறது.

இரண்டாவது உலக மகாயுத்தத்தில் இதே சங்கடம் வேறு உருவத்தில் வந்தது. பிரிட்டனும் அமெரிக்காவும் தோளோடு தோள் நின்று போர் புரிந்தன. அவற்றின் திருகாணிகள் மட்டும் சமாதானத்துக்கு வர மறுத்தன. யுத்தம் முடிந்த பின்னர், 1948-ம் ஆண்டு நவம்பர் மாதம் வாஷிங்டனில் அமெரிக்கா, பிரிட்டன், கானடா மூன்று தேசங்களின் பிரதிநிதிகளும் கூடி, 60 பாகைக் கோணத்தையும் அங்குல அளவையும் கொண்ட ஒரு பொது முறைக்குக் கையெழுத்திட்டார்கள். ஐரோப்பாக் கண்டத்தில் வேரூன்றிய மில்லிமீட்டர் முறை தனியாக வளர்ந்து வந்தது. அதிலும் பற்களின் கோணம் 60 பாகையே. ஆகவே இவ்விரு முறைத் திருகாணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணால் மட்டும் பார்த்தால், அண்ணன் தம்பி போலவே தோன்றும்.

இப்போது திருச்சி நேயரின் பெட்டிக்கு வருவோம்.

ஐ.பி.எம். கம்பெனி தன் முதல் 'பர்ஸனல் கம்ப்யூட்ட'ரை 1981-ம் ஆண்டு ஆகஸ்ட் 12-ந் தேதி வெளியிட்டது. அது அமெரிக்க யந்திரம். ஆகவே அங்குலத் திருகாணி. அந்த யந்திரத்தின் அமைப்பைப் பார்த்து உலகெங்கும் நூற்றுக்கணக்கான கம்பெனிகள் அதே மாதிரி பெட்டிகளைச் செய்தன. தைவானில் செய்த பெட்டியானாலும், மில்லிமீட்டர் முறை வழங்கும் நாட்டில் விற்ற பெட்டியானாலும், மூடியின் திருகாணி அமெரிக்க அங்குலத் திருகாணியாகவே தொடர்ந்தது. இதன் பெயர் '6-32'.

இந்தப் பெயர் ஒரு ரகசியக் குறியன்று. 32 என்பது அங்குலத்துக்கு 32 புரி என்று பொருள். 6 என்பது பருமனைக் குறிக்கும் எண். பூஜ்யம் எண் திருகாணியின் பருமன் 0.060 அங்குலம், அதற்கு மேல் எண் ஒன்று ஏறும்போதெல்லாம் 0.013 அங்குலம் கூடும். ஆகவே 6-ம் எண்ணுக்கு 0.138 அங்குலம். இதை மில்லிமீட்டரில் சொன்னால் ஏறக்குறைய மூன்றரை. நேயரின் கைப்புதிர் அவிழ்ந்துவிட்டதல்லவா? மூன்று ஆடியதும் நான்கு நுழைய மறுத்ததும் துவாரத்தின் குற்றமல்ல. 1956-ம் ஆண்டுச் சட்டத்தின்படி நம் தேசம் மெட்ரிக் அளவைக்கு மாறியது. ஆகவே நம் கடைகளில் எளிதில் கிடைப்பது மில்லிமீட்டர்த் திருகாணி. துவாரமோ அங்குல ஜாதி.

"அப்படியானால் மூன்றரை மில்லிமீட்டர்த் திருகாணி வாங்கிவிடுகிறேன்" என்று புறப்பட வேண்டாம். இங்கேதான் பெரிய அபாயம் ஒளிந்திருக்கிறது. மூன்றரை மில்லிமீட்டர்த் திருகாணியின் புரியிடைத் தூரம் 0.6 மில்லிமீட்டர். 6-32-இன் புரியிடைத் தூரமோ ஏறக்குறைய 0.79 மில்லிமீட்டர். பருமனில் இரட்டைப் பிள்ளைகள், நடையிலோ வெவ்வேறு. முதல் ஒன்றிரண்டு சுற்று நம்பிக்கையூட்டும் வகையில் உள்ளே போகும். பிறகு இறுகி நின்றுவிடும். அந்த இடத்தில் பலத்தைக் காட்டினால் துவாரத்தின் புரி அழிந்தது என்று வைத்துக் கொள்ளுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நல்ல வேளையாக நேயரிடம் இரண்டு பழைய திருகாணிகள் மிஞ்சியிருக்கின்றன. அவை சாட்சிகள், அவற்றைத் தொலைத்துவிடக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் அளவுகோலும் பூதக்கண்ணாடியும் இருந்தால் போதும். முதற் புரியின் உச்சியிலிருந்து ஆறாவது புரியின் உச்சி வரையில் அளந்து பாருங்கள். அதாவது ஐந்து இடைவெளிகள். 6-32 ஆனால் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் வரும். சாதாரண 3 மில்லிமீட்டர்த் திருகாணியில் இரண்டரை வரும். மூன்றரை மில்லிமீட்டரில் 3 வரும். 4 மில்லிமீட்டர்த் திருகாணியில் மூன்றரை வரும். அளவுகோலும் வேண்டாமென்றால் இன்னோர் உபாயம் உண்டு. பழைய திருகாணியையும் புதியதையும் பக்கவாட்டில் ஒட்டி வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஒன்றின் பல் மற்றதன் பள்ளத்தில், சீப்போடு சீப்பு கோத்தாற்போல், கடைசி வரையில் அமர்ந்தால் இரண்டும் ஒரே ஜாதி. நடுவிலே ஒளிக்கீற்று தெரிந்தால் வேறு ஜாதி. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இன்னும் ஒரு விசித்திரம். ஒரே பெட்டிக்குள் இரண்டு ஜாதித் திருகாணிகளும் குடியிருக்கும். மூடிக்கும், மின்சாரம் வழங்கும் 'பவர் ஸப்ளை' பெட்டிக்கும், மூன்றரை அங்குல ஹார்டு டிஸ்குக்கும் பெரும்பாலும் 6-32. பிளாப்பி டிஸ்க், ஸி.டி. இவற்றைச் செலுத்தும் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் 3 மில்லிமீட்டர். இவை கலந்துவிட்டால், மெல்லியதைப் பெரிய துவாரத்தில் போட்டால் ஆடும். பெரியதை மெல்லிய துவாரத்தில் திணித்தால் துவாரம் கெடும். ஆகவே கழற்றிய திருகாணிகளை ஒரே கிண்ணத்தில் கொட்டி வைப்பது வேண்டாம். மூடியை எடுத்தவுடனே அதன் திருகாணிகளை அவற்றின் துவாரங்களிலேயே இரண்டு சுற்றுச் சுற்றி விட்டுவிடுங்கள். இதைவிடச் சிறந்த பெட்டகம் வேறில்லை.

நீளத்தையும் மறக்கலாகாது. மூடிக்கு வழக்கமாக வருவது கால் அங்குல நீளம். "சற்று நீளமாக இருந்தால் பிடிப்பு நன்றாயிருக்குமே" என்ற எண்ணம் ஆபத்தானது. ஹார்டு டிஸ்கின் பக்கத்தில் நீளத் திருகாணியைச் செலுத்தினால் உள்ளேயுள்ள பாகத்தில் இடித்துக் கெடுத்துவிடக் கூடும். நேயரின் விஷயத்தில் அந்த ஹார்டு டிஸ்கிலேதான் தகப்பனாரின் எழுத்தெல்லாம் இருக்கிறது!

அப்படியானால் 6-32 எங்கே கிடைக்கும்? இதில் ஓர் இனிய செய்தி உண்டு. 1981-ல் தொடங்கிய அந்த வழக்கம் இன்னும் அழியவில்லை. இன்றைக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர்ப் பெட்டி வாங்கினாலும், உள்ளே ஒரு சிறு பொட்டலத்தில் 6-32 திருகாணிகள் வருகின்றன. எனவே இரும்புச் சாமான் கடையை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடைக்குச் செல்லுங்கள். சென்னையில் இருப்பவர்கள் அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவுக்குப் போகலாம். பிற ஊர்க்காரர்கள் உள்ளூரில் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவரை அணுகலாம். அவருடைய மேஜை அறையில், இறந்துபோன பல யந்திரங்களின் திருகாணிகள் ஒரு டப்பா நிறையக் கிடக்கும். பழைய சாட்சியைக் கையில் கொண்டு போய், "இதற்கு ஜோடி பார்த்துக் கொள்ளலாமா, ஐயா?" என்று கேட்டால் பெரும்பாலோர் மறுக்கமாட்டார்கள். தலை ஆறு பட்டையாகவும், நடுவே சிலுவைக் கீறல் உள்ளதாகவும் இருப்பதே நல்லது. திருப்புளியாலும் திருகலாம்; கால் அங்குலக் குழாய்ச் சாவியாலும் திருகலாம்.

ஐ.பி.எம். வம்சத்துக்கு இது பொருந்தும். மற்ற பழைய கம்ப்யூட்டர்கள் தத்தமக்கென்று தனிப் பழக்கங்கள் உடையவை.

1984-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி ஆப்பிள் கம்பெனி வெளியிட்ட மக்கின்டாஷ் யந்திரத்தைத் திறக்கச் சாதாரணத் திருப்புளி உதவாது. நட்சத்திர வடிவமான 'டார்க்ஸ்' தலைத் திருகாணிகள், 15-ம் எண். அவற்றில் இரண்டு, தூக்கும் கைப்பிடியின் பள்ளத்தில் ஆழ்கிணற்றின் அடியில் உட்கார்ந்திருப்பது போல் அமர்ந்திருக்கின்றன. மிக நீண்ட தண்டுள்ள திருப்புளி இருந்தாலன்றி எட்டாது. பயன்படுத்துவோர் யந்திரத்தைத் திறக்கலாகாது என்பது அதைச் செய்தவர்களின் எண்ணம். ஆனால் அவர்களே அந்தப் பெட்டியின் உட்சுவரில் தங்கள் கையெழுத்துக்களை அச்சாகப் பொறித்து வைத்தார்கள். யாரும் பார்க்கக் கூடாத இடத்தில் கையெழுத்துப் போடும் ஆசை, கோவில் கோபுரத்து உட்புறத்தில் பெயர் செதுக்கிய சிற்பிக்கு மட்டும் உரியதல்ல போலும்!

இங்கிலாந்தில் 1981-ல் வெளிவந்த ஸின்க்ளேர் 'இஸட் எக்ஸ் 81' என்னும் சின்னஞ்சிறு கம்ப்யூட்டரின் அடியில் ஐந்து திருகாணிகள். அவற்றில் மூன்று ரப்பர்ப் பாதங்களுக்கு அடியில் மறைந்திருக்கும். இதை அறியாதவர்கள் இரண்டை மட்டும் கழற்றிவிட்டு, மூடி ஏன் வரவில்லை என்று நெம்பி உடைப்பதுண்டு. அமெரிக்காவில் 1982-ல் வந்து ஒரு கோடிக்கு மேல் விற்பனையான கமோடோர் 64-க்கு அடியில் முன்புறமாக மூன்று திருகாணிகள்தான். பின்புறத்தைப் பிளாஸ்டிக் கொக்கிகள் பிடித்துக் கொள்கின்றன. ஏகார்ன் கம்பெனியார் 1981-ன் இறுதியில் வெளியிட்ட 'பி.பி.ஸி. மைக்ரோ' மிகவும் மரியாதையானது. எந்த நான்கு திருகாணிகளைக் கழற்ற வேண்டுமோ அவற்றின் அருகே 'ஃபிக்ஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

இந்த பி.பி.ஸி. மைக்ரோ நமக்கும் உறவினன்தான். இந்திய சர்க்கார் 1984-ல் பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் கல்வியைப் புகுத்த 'கிளாஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்தது இந்த யந்திரத்தையே. சண்டீகரை அடுத்த மொகாலியிலிருந்த ஸெமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனத்தாரும் இதை நம் நாட்டில் சேர்த்துப் பொருத்தினார்கள். இன்றும் ஏதாவதொரு பள்ளிக்கூடத்தின் பூட்டிய அலமாரியில் ஒரு பி.பி.ஸி. மைக்ரோ உறங்கிக் கொண்டிருக்கலாம். அதைக் காயலான் கடைக்குப் போடுமுன் இரண்டு முறை யோசிக்குமாறு சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஸின்க்ளேர், கமோடோர் போன்ற பிளாஸ்டிக் உடல் கொண்டவற்றில் முன்கூட்டி வெட்டிய புரி கிடையாது. கூர்மையான, அகன்ற புரியுடைய திருகாணி பிளாஸ்டிக்கைக் கடித்துத் தானே வழி செய்துகொள்ளும். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் புது வழி வெட்டினால், நாலைந்து முறையில் துவாரம் தேய்ந்து போகும். இதற்கு ஓர் அருமையான உபாயம் உண்டு. திருகாணியைத் துவாரத்தில் வைத்து, முதலில் எதிர்ப்புறமாக, அதாவது கழற்றும் திசையில், மெல்லச் சுற்றுங்கள். ஓரிடத்தில் 'டிக்' என்று சிறிது கீழே இறங்குவது விரலுக்குத் தெரியும். பழைய புரியின் வாசல் அதுதான். அங்கிருந்து சரியான திசையில் திருகினால் பழைய பாதையிலேயே வழுவாமல் போகும். இரும்புத் துவாரத்துக்கும் இது நன்மையே செய்யும். பழைய பிளாஸ்டிக் உடையுந்தன்மை கொண்டது. ஆகையால் விரல் நுனிப் பிடிப்பு வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

திருப்புளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹென்றி பிலிப்ஸ் என்னும் அமெரிக்கர் 1936-ல் உரிமை பெற்ற சிலுவைத் தலைதான் இன்று எங்கும் பரவியிருக்கிறது. ஜப்பானியச் சிலுவைத் தலை அதைப் போலவே தோன்றும். ஆனால் வளைவில் சிறு வித்தியாசம் உண்டு. பல ஜப்பானியத் திருகாணிகளின் தலையில் ஒரு சிறு புள்ளி அடையாளமாக இருக்கும். அவற்றுக்கு ஜப்பானிய அளவுத் திருப்புளியே உத்தமம். மற்றதைப் போட்டு வழுக்கவிட்டால் தலை மழுங்கிப் போகும்; பிறகு கழற்றுவது பிரம்மப் பிரயத்தனம். காந்த முனையுள்ள திருப்புளியைப் பிளாப்பி டிஸ்குகளின் அருகே கொண்டு போகவே வேண்டாம்.

இத்தனை சிரமப்பட்டு மூடியைப் போடுவானேன், திறந்தே இருந்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். நம் வீடுகளில் திறந்த பெட்டி என்றால் பல்லிக்கு அரண்மனை. தூசியும் உப்புக் காற்றும் அதற்கு அடுத்த விருந்தாளிகள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் மின்சாரப் பெட்டியைத் திறந்து வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பவர் ஸப்ளையைப் பெட்டியோடு பிணைக்கும் திருகாணிகள் பெட்டியின் நில இணைப்புக்கும் துணை செய்கின்றன. அவை குறைந்தால் பாதுகாப்புக் குறையும். மக்கின்டாஷ் போன்று படக்குழாய் உள்ளே இருக்கும் யந்திரங்களில், மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தம் குழாயில் தங்கியிருக்கக் கூடும். பழக்கப்பட்டவர் உடனில்லாமல் அவற்றைத் திறக்கவே வேண்டாம். பவர் ஸப்ளை பெட்டியின் உட்புறமும் அப்படியே.

அதே சமயம், திறக்காமலே வைத்திருப்பதும் தவறு. திருச்சி நேயருக்கு இதை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில், தேதியையும் நேரத்தையும் நினைவில் வைப்பதற்காக மூலப் பலகையிலேயே ஒரு சிறு பாட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள். வருஷங்கள் கடந்தால் அது கசிந்து, பலகையின் செப்புக் கோடுகளை அரித்துவிடும். பரணில் சும்மா கிடக்கும் யந்திரம் சும்மா இருப்பதில்லை. உள்ளுக்குள்ளே அரிந்து கொண்டிருக்கிறது. ஆகவே மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் ஆவலை அடக்கிக் கொண்டு, முதலில் மூடியைக் கழற்றி, அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு அந்தப் பாட்டரியை நீக்கச் செய்யுங்கள். ஹார்டு டிஸ்கில் உள்ளதைப் பிரதி எடுத்துக் கொண்ட பிறகு மற்றப் பராமரிப்பைப் பார்க்கலாம்.

பிரதி எடுத்த பிறகும் ஒரு சிக்கல் எஞ்சியிருக்கும். தமிழ் எழுத்துக்களுக்கு யூனிகோடு என்னும் பொது முறையில் 1991-ல் இடம் கிடைத்தது. ஆனால் அது நம் மேஜைக் கம்ப்யூட்டர்களுக்கு வந்து சேரப் பல வருஷங்கள் பிடித்தன. அதற்கு முன் மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ல் வெளியிட்ட 'முரசு' முதலிய தமிழ் மென்பொருள்கள் வழங்கின. எழுத்துருவுக்கு எழுத்துரு, 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் கொடுத்த எண்கள் மாறின. இன்றைய யந்திரத்தில் அந்தக் கோப்பைத் திறந்தால் பொருளற்ற கிறுக்கலாகத் தெரியலாம். பெரியவர் எந்த மென்பொருளில், எந்த எழுத்துருவில் தட்டெழுதினார் என்பதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தப் பழைய பெட்டிதான். பால்டிமோரில் குழலும் குழாயும் பொருந்தாமற்போன கதையை இங்கே மறுபடியும் பார்க்கிறோம் அல்லவா? அங்கே இரும்புப் புரி. இங்கே எழுத்தின் எண். பொது ஒப்பந்தம் இல்லாத இடத்தில், தண்ணீர் இருந்தும் தீ அணையாது. எழுத்து இருந்தும் படிக்க வராது.

ஆகையால் நேயர்களுக்கு என் வேண்டுகோள் இது. வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஏதேனும் இருந்தால், விற்பதற்கோ எறிவதற்கோ முன், அதில் யார் எதை எழுதி வைத்தார்கள் என்று விசாரியுங்கள். மூடியைத் திறக்கும் நாளில் ஒரு தாளும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும். எந்தத் திருகாணி எந்தத் துவாரத்திலிருந்து வந்தது என்று படம் போட்டுக் குறித்துக் கொள்ளுங்கள். 6-32-இல் ஒரு பத்தும், 3 மில்லிமீட்டரில் ஒரு பத்தும் வாங்கி, தனித்தனிச் சிமிழில் பெயரெழுதி வையுங்கள். சிமிழை மட்டும் பரண்மேல் வைக்க வேண்டாம். அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால், தேடும்போது வீட்டில் யாராவது ஒருவருக்காவது இருக்குமிடம் தெரியும்.